ஜெகதீசனின் இடது வால்வு

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெகதீசனுக்கு இடது பக்க வால்வு போய்விட்டது.

பதறாதீர்கள். நெஞ்சுக்குள் இருந்தது நன்றாகத்தான் இருந்தது. போனது அவருடைய ஆம்ப்ளிஃபயர் வால்வு. விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும். அப்படி நாலு குழாய் மினுக்கினால்தான் அவர் வீட்டு முன்னறையில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நிற்கிற ஸ்பீக்கர்களில் பாட்டு வரும். அன்றைக்கு அதில் ஒன்று கண்ணை மூடியது. வலது ஸ்பீக்கர் வயலின் வாசித்தது. இடது ஸ்பீக்கர் கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பா மாதிரி சும்மா நின்றது.

ஜெகதீசனுக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின் சொந்தம். விடியும் முன்னே அது வாயைத் திறந்தால் மத்தியானம் வரை மூடாது. பாளம் பாளமாக ஐஸை அது மென்று துப்புகிற சத்தத்தில் அவருக்குக் காதுக்குள் பல்வலி வந்த மாதிரி இருக்கும். சரி, வீட்டுக்கு வந்து நிம்மதியாக இருக்கலாம் என்றால் ராயபுரத்தில் வீடு. தெருவுக்குப் பின்னாலேயே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். லாரி நகராது. ஹாரன் மட்டும் நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டில் பிலோமி அக்காவின் ஜெபக்கூட்டம், கீபோர்டு, கைத்தட்டல். எதிர்வீட்டு டிவியில் யாராவது ஒரு மாமியார் யாராவது ஒரு மருமகளை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளும் போக மாட்டாள்.

இத்தனைக்கும் மேலே மலர்.

மலர் அவருடைய மனைவி. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். வஞ்சிரக் கூடையைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவள் விலை கூவினால், கரையில் கட்டிய படகுக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து விலை கேட்பான். வீட்டில் 'தண்ணி வந்துட்ச்சி' என்பதையும் அதே குரலில்தான் சொல்லுவாள். பாவம், அவளிடம் வேறு குரல் இல்லை என்று ஜெகதீசன் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு மனுஷன் நாளைக்கு ஒரு மணி நேரம் தன் காதுக்குப் பிடித்ததைக் கேட்க ஆசைப்பட்டது தப்பே இல்லை. ஐந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த செட்டு அது. ரெக்கார்டு பிளேயர். அது அதிராமல் இருக்க அடியில் கடப்பைக் கல். கல் அதிராமல் இருக்க அடியில் ரப்பர். முன்னறை நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அது நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சிவப்பு டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலும் ரெக்கார்டில் பாடுகிற அம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவாள் என்பது அவருடைய சித்தாந்தம். மலர் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். கோபத்தில் அவர் ஒரு வேளை சாப்பிடவில்லை. அதை யாருமே கவனிக்காததால் அடுத்த வேளை சேர்த்துச் சாப்பிட்டார்.

மனைவிக்கும் ருசி காட்டிவிடலாம் என்று அவர் முயன்றதும் உண்டு.

"பேஸு எப்பிடி வர்து பாத்தியா மலரு?"

"நீ பேசினாத்தான வரும். வூட்டுக்கு வந்தா வாயத் தொறக்கறியா?"

"பேசு இல்லமே, பேஸு. அடில கும்முனு வர்து பாரு, அது."

"அது லாரிதான்யா. தோ, ஜன்னல் ஆடுது. அத்த வுடு. இன்னிக்கு ஏலத்துல இன்னா ஆச்சி தெரியுமா, அந்த கன்னியம்மா கீறாளே—"

"ஸ்ஸ்."

இந்த 'ஸ்ஸ்' ஐந்து வருஷமாக அந்த வீட்டில் தினமும் நடந்து வந்தது. கன்னியம்மா என்ன செய்தாள் என்பது இன்றுவரை ஜெகதீசனுக்குத் தெரியாது.

நிற்க. வால்வு போன கதைக்கு வருவோம்.

போனதும் அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அவருடைய தோஸ்து கமாலுதீன் வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவர். அவரைப் பிடித்தார். லாரி ஹாரனுக்கு மேலே கத்த வேண்டியிருந்ததால் கத்தினார்.

"பாய், எனுக்கு வால்வு பூட்ச்சி."

பக்கத்து வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த பிலோமி அக்காவின் கை நின்றது.

"லெஃப்ட் சைடு பாய். சுத்தமா நின்னுட்ச்சி. நேத்தே லேசா கரகரன்னுச்சி, நான்தான் கண்டுக்கல."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தியே ஆவணுமா? ரஷ்யா வால்வு போட்டா எத்தினி வருசம் தாங்கும்? அப்பிடியா. யார்னா செத்தவன் வூட்ல பழசு இருந்தா அத்த கயட்டிப் போட முடியாதா பாய்?"

செத்துப்போன ரசிகர்களின் செட்டுகளில் நல்ல வால்வு கிடைப்பது உண்டு. அது ஜெகதீசனுக்கும் கமாலுதீனுக்கும் தெரியும். பிலோமி அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவர் நெஞ்சுவலியில் புருஷனைப் பறிகொடுத்தவர். நெத்திலியைப் பூனைக்கு விட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

ஜெகதீசன் உள்ளே வந்து இடது ஸ்பீக்கரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா திராட்சையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நின்றார்.

"நிக்காத தம்பி. ஒக்காரு."

"இன்னாக்கா?"

"பேசாத. எல்லாம் காதுல வாங்கிட்டேன். வால்வாமே."

"ஆமாக்கா. பேஜாராப் பூட்ச்சி."

"எப்ப மாத்தறாங்க?"

"சரக்கு வர்ணுமாம். வந்தா ஒடனே மாட்டிடலாம்னாரு."

பிலோமி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "உன் நெஞ்சு தைரியம் யாருக்கு வரும் தம்பி. என் வூட்டுக்காரு கடசி வரைக்கும் அழுதுகினே இருந்தாரு."

அப்போதுதான் ஜெகதீசனுக்குப் புரிந்தது. 'ஐயோ அக்கா, அது இல்லக்கா' என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றார். காதில் ஒன்றும் விழவில்லை.

கீபோர்டு இல்லை. கைத்தட்டல் இல்லை. எதிர்வீட்டு டிவி மாமியாரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. யாரோ தெருக்கோடிக்குப் போய் லாரிக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும், ஹாரனையும் காணோம். ஜெகதீசன் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்டார். அது ஓடுகிற கடிகாரம் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டார். நான் பொய் சொன்னேனா? இல்லை. வால்வு போனது நிஜம். இடது பக்கம் என்பதும் நிஜம். கேட்டவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் நான் என்ன செய்வேன்? இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"டாக்டர் இன்னா சொல்றாரு தம்பி?"

"சத்தமே ஆவாதாம்க்கா. தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அமைதியா ஒக்காந்து கேக்கணும்னு சொல்லிக்கீறாரு."

"கேக்கணுமா?"

"கேக்கணும்க்கா. அதான் மருந்தாம்."

அக்கா அந்த மருந்தைத் தெருவுக்குச் சொல்லப் போனார்.

மலர் வந்தது அதற்குப் பிறகு. காசிமேட்டில் சாயங்கால ஏலத்தில் நின்றவளுக்கு யாரோ போன் பண்ணிவிட்டார்கள். கூடையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். வாசலில் நின்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கடலை எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அதைப் பார்த்ததும் ஜெகதீசனுக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரத்துக்கு அவர் நல்லவர்தான்.

மலர் சிவப்பு டேப் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை.

"எந்த வால்வு?"

காட்டினார். அவள் அந்தக் கண்ணாடிக் குழாயை ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆட்டோல வரசொல்ல, நீ எப்பிடிக் கெடப்பியோன்னு ஆட்டோக்காரன வெரட்டிகினே வந்தேன்யா."

"தப்புதான் மலரு. இப்பவே போயி சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவே? தெருமொனைலயே சொன்னாங்க, உனுக்கு நல்லாவற வரைக்கும் டீ குடிக்க மாட்டேன்னு பிலோமியக்கா மாதாக்கு நேந்துகினு கீது. அந்தக்காவாண்ட போயி, போனது ரேடியோ வால்வுன்னு சொல்றியா? போ, சொல்லு."

ஜெகதீசன் எழுந்திருக்கவில்லை. பிலோமி அக்கா டீ இல்லாமல் எப்படி இருப்பார் என்பது தெரு முழுக்கத் தெரியும்.

"சும்மா கெட. நான் பாத்துக்கறேன்" என்றாள் மலர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மலர் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

கமாலுதீன் பாய் சாத்துக்குடிப் பைக்குள் வால்வை ஒளித்துக் கொண்டுவந்தார். தெருவில் நான்கு பேர் அவரை நிறுத்தி, நோயாளியிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இன்னா மாமு, உன்ன பாடைல ஏத்தாத கொறயாப் பேசிகினு கீறாங்க."

"கம்முனு மாட்டு பாய்."

மாட்டினார். நாலு குழாயும் மினுக்கின. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு சாயங்காலங்களில் ஜெகதீசன் சந்தோஷமாக இருந்தார். அதை மறைப்பதற்கில்லை. தெரு மூச்சுவிடாமல் கிடந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தாலே போதும், எல்லாம் கேட்டது. பாடுகிற அம்மாள் அடி எடுக்கும் முன்னே உள்ளுக்கு இழுக்கிற மூச்சு. கடம் வாசிக்கிறவர் விரல் மோதிரம் பானையில் படுகிற சத்தம். எந்தக் காலத்திலோ எந்த ஸ்டூடியோவிலோ யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்தியது. ஐந்து வருஷமாகக் கேட்ட அதே ரெக்கார்டு. கேட்டதே இல்லை என்று தோன்றியது. அவருக்குக் கண் கலங்கியது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பிலோமி அக்காவுக்கும் கலங்கியது.

பிறகு சாப்பாட்டு நேரம் வந்தது.

"இன்னாமே இது?"

"கஞ்சி. உப்பு கெடயாது."

"நமுக்குள்ள எதுக்குமே இந்த நடிப்பு?"

"ஜன்னல்ல பாரு. பிலோமியக்கா எட்டி எட்டிப் பாக்குது. வால்வு போனவன் வஞ்சிர வறுவல் துன்னா தெரு இன்னா பேசும்?"

"ஜன்னல சாத்து."

"காத்தோட்டமா இருக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"எந்த டாக்டரு?"

"உன் டாக்டருதான். அவுரு உனுக்கு மட்டுந்தான் பேசுவாரா?"

சொல்லிவிட்டு மலர் அவர் எதிரிலேயே உட்கார்ந்து வறுத்த வஞ்சிரத்தை முள் எடுத்துச் சாப்பிட்டாள். அவருக்கு இருந்த கூர்மையான காதுக்கு அந்த மொறுமொறுப்பு துல்லியமாகக் கேட்டது.

'உன் டாக்டர்' நாளாக நாளாகக் கண்டிப்பானவர் ஆனார். காலையில் டீக்கடை கூடாது. கேரம் போர்டு கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்ற வார்த்தையையே அவர் காதில் போடக் கூடாது. ஜெகதீசன் தாக்குப்பிடித்தார். எல்லாம் போனாலும் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே என்றுதான் கஞ்சியைக் குடித்தார். ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறது.

"மலரு, நல்லாயிட்ச்சின்னு சொல்லிடலாமா?"

"வால்வு மாத்தாமலேயா?"

"மாத்திட்டாங்கன்னு சொல்லு."

"தழும்பு எங்கன்னு கேட்டா?"

"இப்பல்லாம் நெஞ்சக் கிழிக்கறதில்லமே. தொடை வழியாவே வுட்டு மாத்திடறாங்க."

"அப்ப பிலோமியக்காவுக்குத் தொடயக் காட்டறியா?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல ரெக்கார்டைத் துடைத்து, வைத்து, ஊசியை இறக்கினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அம்மாள் மூச்சை இழுத்தாள். அதோடு நின்றது. கண்ணைத் திறந்தால் மலர் ஊசியைத் தூக்கிப் பக்குவமாக ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கீறல் விழவில்லை. ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து இடது ஸ்பீக்கருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாமே பண்றே?"

"தெனம் ஒரு மணி நேரம் கேக்கணும்னாரே டாக்டரு."

"ஆமா. கேட்டுகினுதான கீறேன்."

"பாட்டக் கேக்கணும்னா சொன்னாரு?"

ஜெகதீசன் யோசித்துப் பார்த்தார். 'கேக்கணும்' என்றுதான் சொல்லியிருந்தார்.

"தெருவுல இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா? பொண்டாட்டி சொல்றத கேக்காம திரிஞ்சிகினு இருந்தாரு, அதான் நெஞ்சுல அடச்சிகினு வால்வு பூட்ச்சி, இனிமேனா ஒக்காந்து கேக்கச் சொல்லி டாக்டர் கண்டிச்சிட்டாராம். பிலோமியக்கா அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லிகினு கீது. ஆப்பரேசன்கூட வேணாமாம், கேட்டாலே சரியாப் பூடுமாம்."

"நீ இல்லன்னு சொல்லலியா?"

"நீ வால்வ இல்லன்னு சொன்னியா?"

ஜெகதீசன் ஓரத்தில் கிடந்த ஊசியைப் பார்த்தார்.

"அஞ்சு வருசமா இந்த ரெண்டு பொட்டி சொல்றத மூச்சுவுடாம கேக்கறே. நான் ஒரு வார்த்த எடுத்தா ஸ்ஸ்ங்கறே. எனுக்கு மட்டும் யாரு கீறா? மீன்கிட்ட சொல்லவா?"

சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. சத்தம்தான் ஆகாதே. ஏலக் குரல் இல்லை, வேறு குரல். தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, நன்றாகவே இருந்தது. இந்தக் குரலை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று ஜெகதீசனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைச் சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

"ஸ்ஸ்" என்றாள் மலர். "பேசாத. கேளு. அந்த கன்னியம்மா கீறாளே—"

ஐந்து வருஷ பாக்கி. அது கன்னியம்மாவில் ஆரம்பித்து, அவள் மாற்றி எடுத்துப்போன இறால் கூடை வழியாக, மலரின் தங்கை ராமசெல்வி வளைகாப்பில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்பதுவரை வந்தபோது ஒரு மணி நேரம் முடிந்தது. மீதி நாளைக்கு என்றாள்.

மறுநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பிலோமி அக்கா நேராக உள்ளேயே வந்துவிட்டார்.

"தம்பி மூஞ்சி தெளிஞ்சி கீது மலரு."

"நீ டீ குடிக்கா. அதான் கேக்க ஆரம்பிச்சிட்டாரே."

மலர் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அக்காவுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். நோயாளிக்குக் கஞ்சித் தண்ணி. இத்தனை நாளும் டீ இல்லாமல் இருந்த அக்கா அதைக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அந்த ஒரு நிமிஷம் ஜெகதீசனுக்கு மனசு நிறைந்தது, ஒரு பாவம் தொலைந்தது. அக்கா கண்ணைத் திறந்தார்.

"என் வூட்டுக்காரு போனதுலேர்ந்து சாயங்காலம் ஆனா நாலு வார்த்த பேச ஆளில்ல தம்பி. ஜெபத்துல கத்திக் கத்தித்தான் ஆத்திக்கறது. உனுக்கும் மருந்தாச்சி, எனுக்கும் ஆறுதலாச்சி."

வலது ஸ்பீக்கருக்கு முன்னால் இன்னொரு ஸ்டூல் விழுந்தது.

நல்ல சேதி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு போகும் தெரு அது. முன்னறை குளுகுளுவென்று அமைதியாக இருக்கிறது, அங்கே ஒரு ஆம்பளை எதிர்ப்பேச்சுப் பேசாமல் ஒரு மணி நேரம் கேட்கிறார், டீயும் உண்டு. எதிர்வீட்டு ஆலிஸ் சீரியலை நிறுத்திவிட்டு வந்தாள். அவளுடைய மாமியாரும் வந்து, ஆலிஸ் போகட்டும் என்று வாசலில் காத்திருந்தார். தெருவில் இன்னும் யாரும் சத்தம் போடுவதில்லை. லாரிகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போகின்றன. ஊரிலேயே அமைதியான அந்த அறையில் ஒருவர் பேசினால் ஒரு எழுத்துகூட வீணாகாமல் காதுக்குள் வந்து இறங்குகிறது.

புது வால்வு எப்படிப் பாடுகிறது என்று கேட்க ஒருநாள் கமாலுதீன் பாய் வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். இடது பக்கம் மலர். வலது பக்கம் பிலோமி அக்கா. நடுவில் ஜெகதீசன், மடியில் கஞ்சித் தண்ணி. பாய் சாத்துக்குடிப் பையைச் சத்தமில்லாமல் படியில் வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் பின்னோக்கியே நடந்து போய்விட்டார்.

அதைப் பார்த்ததும் ஜெகதீசனுக்குத் தாங்கவில்லை. மலர் ஆலிஸின் மாமியாருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, நாற்காலியை வாசல் பக்கமாக மெள்ள, ஒரே ஒரு சாண் நகர்த்தினார்.

மலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேப் மேலயே ஒக்காருயா. அங்க இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமமா கேக்கும்."